ஈயின் உறக்கமும் மனிதனின் மறதியும்

என் தாயார் தமது 71 ஆவது வயதில் நித்திரையை இழந்தார். 74 ஆவது வயதில் ஞாபகத்தை இழந்தார். இவ்விரண்டு இழப்புகளுக்கும் இடையில் ஏதேனும் உறவு இருக்கக்கூடும் என்ற எண்ணம் அக்காலத்தில் எங்கள் வீட்டில் எவருக்கும் உதிக்கவில்லை.

நள்ளிரவு கடந்து இரண்டு மணியளவில் விறாந்தைக் கதவின் கொண்டி விலகும் ஓசை கேட்கும். எழுந்து சென்று பார்த்தால் அம்மா முற்றத்தில் நின்றுகொண்டு கிழக்கு வானத்தைப் பார்த்திருப்பார். "தம்பி, விடிஞ்சிட்டுதே?" என்று கேட்பார். "இல்லை அம்மா, போய்ப் படுங்கோ" என்பேன். சில இரவுகளில் அடுப்பை மூட்டிக் கோப்பிக்குத் தண்ணீரும் வைத்துவிடுவார். பகலிலோ கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்து போவார். முதுமையின் இயல்பு இது என்றனர் உறவினர். பகலில் உறங்குவதனாலேதான் இரவில் உறக்கம் வரவில்லை என்று நான் தீர்ப்புக் கூறினேன். காலையில் பாடசாலைக்குப் போகவேண்டியவன் என்ற எரிச்சலில் ஓரிரவு கடுஞ்சொல்லும் சொல்லிவிட்டேன். அவர் மறுமொழி கூறாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். உறங்கினாரா என்பது எனக்குத் தெரியாது.

மூன்றாண்டுகள் கழிந்தபின் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் அவருக்கு மாறத் தொடங்கின. அல்சைமர் நோய் என்றார் வைத்தியர். இன்று என்ன கிழமை, எந்த மாதம், சற்றுமுன் சொன்ன மூன்று சொற்கள் யாவை என்றெல்லாம் கேட்டறிந்தார். இரவுகளைப்பற்றி அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

அம்மா மறைந்தபின் இவ்விஷயம் என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. முதலில் விடைபெற்றுச் சென்றது ஞாபகமன்று, நித்திரையே. அப்படியாயின் நித்திரை போனது நோயின் முதல் அறிகுறியா? அல்லது நித்திரை போனமையால் நோய் விரைந்து வந்ததா? முப்பதாண்டுகளுக்கு மேலாக விலங்கியல் கற்பித்தவன் நான். விடையைத் தேடிப் புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டியபோது அவை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் வியப்பாயிருந்தது. வகுப்பறையில் ஆண்டுதோறும் போத்தலில் அடைத்து மாணவருக்குக் காட்டிவந்தேனே, அந்தப் பழ ஈயின் முன்னே அவை என்னை நிறுத்தின.

வைத்தியர் கண்டவை

மூளை நரம்புக்கலங்கள் படிப்படியாகத் தேய்ந்து அழியும் நோய்களில் நித்திரை கெடுகிறது என்பது புதிய செய்தியன்று. லண்டன் நகர வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன், பின்னர் தம் பெயராலேயே வழங்கலாயிற்றே அந்த நடுக்கு வாதத்தை, 1817 ஆம் ஆண்டில் ஆறு நோயாளரைக் கொண்டு விவரித்தார். நோய் முற்றும்போது உறக்கமும் பெரிதும் குலைகின்றது என்பதை அவர் அன்றே குறித்துவைத்தார். ஆயினும் அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு காலம் நோயின் வால் என்றே நித்திரைக் கேடு கருதப்பட்டது. கை நடுங்குகிறது, உடல் இறுகுகிறது, ஆகவே உறக்கம் வரவில்லை என்று காரணம் சொல்வது எளிதாயிருந்தது.

இக்கருத்தை அசைத்தவர்கள் அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரைச் சேர்ந்த கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் முதலியோர். மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலை உண்டு. தெளிவான கனவுகள் பெரும்பாலும் அந்நிலையிலேயே தோன்றுகின்றன. அவ்வேளையில் உடலின் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைத்திருக்கும். இல்லையெனில் கனவில் ஓடுபவர் பாயிலிருந்து எழுந்தோடுவார். சில முதியவர்களில் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. அவர்கள் கனவில் வரும் பகைவனை நிஜமாகவே அடிக்கிறார்கள். கட்டிலிலிருந்து பாய்ந்து விழுகிறார்கள். 1986 இல் இந்நிலையை ஒரு தனி நோயாக அவ்வைத்தியர்கள் விவரித்தார்கள். பத்தாண்டு கழித்து, 1996 இல், தாம் கவனித்துவந்த 29 ஆடவருள் 11 பேருக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டன என்று அறிவித்தார்கள். 2019 இல் வெளியான பெரும் ஆய்வொன்று 24 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 1280 நோயாளரைத் தொடர்ந்து நோக்கியது. இவ்வுறக்கக் கேடு உடையவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குமேல் 12 ஆண்டுகளுக்குள் பார்க்கின்சன் நோய்க்கோ அதனை ஒத்த மூளைத் தேய்வுக்கோ ஆளாவர் என்பது அதன் மதிப்பீடு.

கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே நித்திரை நடுங்கிவிடுகிறது. அல்சைமர் நோயிலும் கதை இதுவே. அந்நோயில் அமிலோயிட் பீற்றா என்னும் புரதம் மூளையில் திரண்டு படிகிறது. ஞாபகம் தடுமாறுவதற்கு ஏறத்தாழப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே அப்படிவு தொடங்கிவிடுகிறது என்று இன்று அறிகிறோம். நித்திரை துண்டு துண்டாகக் கிழிவதும் அந்த இடைக்காலத்திலேயே தொடங்கக்கூடும்.

அப்படியானால் எது காரணம், எது காரியம்? மனிதரில் இதனைச் சோதித்தறிவது அரிது. ஒருவரை இருபதாண்டு காலம் உறங்கவிடாது வைத்து, அவர் மூளை கெடுகிறதா என்று பார்க்க எந்த நீதியும் இடங்கொடாது. இடங்கொடுத்தாலும், சோதனையின் முடிவைக் காண்பதற்குச் சோதிப்பவருக்கு ஆயுள் போதாது. ஆகவேதான் விஞ்ஞானிகள் ஆயுள் குறைந்த ஓர் உயிரைத் தேடினார்கள்.

ஈ வந்த வழி

கனிந்து புளிக்கத் தொடங்கிய வாழைப்பழத்தின்மேல் வட்டமிடுமே, சிவந்த கண்களையுடைய சின்னஞ்சிறு ஈ, அதுவே துரோசோபிலா என்னும் பழ ஈ. நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். நல்ல வெப்பநிலையில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். முழு ஆயுள் இரண்டு மாதமளவே. ஒரு மனிதத் தலைமுறை கழிவதற்குள் இது நூற்றுக்கணக்கான தலைமுறைகளைக் கண்டுவிடுகிறது. 1910 இல் நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தொமஸ் ஹண்ட் மோர்கன் வெண்கண் உடைய ஓர் ஆண் ஈயைக் கண்டெடுத்து, அதனைக்கொண்டு நிறமூர்த்தங்களுக்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். 1933 இல் நோபெல் பரிசு பெற்றார். இக்கதையை நம் உயர்தர வகுப்பு மாணவர் நன்கறிவர்.

கண்ணின் நிறத்தைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு உண்டாயின், நடத்தையைத் தீர்மானிக்கும் பரம்பரையலகும் உண்டோ? இவ்வினாவை எழுப்பியவர் கலிபோர்ணியாத் தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் சேமர் பென்சர். அவரும் அவருடைய மாணவர் றொனல்ட் கொனொப்காவும் 1971 இல் மூன்று வகை விகார ஈக்களைப்பற்றி எழுதினார்கள். சாதாரண ஈயின் உள்ளக் கடிகாரம் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஒருவகை விகார ஈயில் அச்சுற்று 19 மணி நேரமாகக் குறுகியிருந்தது. மற்றொன்றில் 28 மணி நேரமாக நீண்டிருந்தது. மூன்றாவதில் சுற்று என்பதே இல்லை. மூன்று கேடுகளும் ஒரே பரம்பரையலகில் நேர்ந்தவை! அந்த அலகின் இயக்கத்தைத் துலக்கிய ஜெப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017 இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது. பென்சர் 2007 இலும் கொனொப்கா 2015 இலும் மறைந்துவிட்டபடியால் அப்பெருமையைக் காண அவர்கள் இருக்கவில்லை.

ஈயின் மூளை கசகசா விதையிலும் சிறியது. ஆனால் அது வெறுமையானதன்று. பெண் ஈயொன்றின் மூளையிலுள்ள 139,255 நரம்புக்கலங்களையும் அவற்றிடையேயுள்ள ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளையும் காட்டும் முழு வரைபடம் 2024 இல் வெளியாயிற்று. மனித மூளையில் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன. தொகையிலே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடுதான். எனினும் மனிதரில் நோய்க்குக் காரணமாகும் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு ஒத்த அலகு ஈயிலும் உண்டு.

ஈ உறங்குமா?

ஈக்குக் கடிகாரம் உண்டென்று 1971 இலேயே தெரிந்தும், அது உறங்குகிறது என்று நிரூபிக்க 2000 ஆம் ஆண்டுவரை பொறுக்கவேண்டியிருந்தது. அசையாதிருப்பதெல்லாம் உறக்கம் ஆகாது அன்றோ? பரீட்சை மண்டபத்தில் அசையாதிருக்கும் மாணவனை உறங்குகிறான் என்று கூறிவிட முடியாது. சில வேளைகளில் கூறலாம்!

அந்த ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹென்றிக்ஸ், அமிதா செகல் முதலானோரும், கலிபோர்ணியாவின் சான் டியேகோவில் போல் ஷோ, ஜூலியோ தொனோனி முதலானோரும் தனித்தனியே இச்சோதனையைச் செய்தார்கள். இத்தகைய சோதனைக்குரிய கருவி மிக எளியது. விரல் நீளமுள்ள ஒடுங்கிய கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சீனி கலந்த உணவு. மறுமுனையில் பஞ்சு அடைப்பு. உள்ளே ஒரே ஓர் ஈ. குழாயின் நடுவே கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரொன்று குறுக்கே பாயும். ஈ அதனைக் கடக்குந்தோறும் கணக்குப் பதிவாகும்.

ஈ பெரும்பாலும் இரவிலே நெடுநேரம் அசைவற்றிருந்தது. நண்பகலிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டது. அந்நிலையில் அதனை எழுப்புவதற்கு வழக்கத்திலும் வலிய அதிர்ச்சி தேவைப்பட்டது. கும்பகருணனை எழுப்பப் பட்ட பாட்டை நாம் அறிவோம். உறக்கத்தின் முதல் இலக்கணம் அதுதான். இரண்டாவது இலக்கணம் கடன். இரவு முழுதும் குழாயை ஆட்டி ஈயை விழித்திருக்கச் செய்தால், மறுநாள் பகலில் அது கூடுதலாக உறங்கி அக்கடனை அடைத்தது. மூன்றாவதாக, கோப்பியில் உள்ள கபீன் கொடுத்தபோது ஈயும் உறக்கமின்றி விழித்திருந்தது. குஞ்சுப் பருவத்து ஈ மிகுதியாக உறங்குகிறது. முதிர்ந்த ஈயின் உறக்கமோ துண்டு துண்டாகச் சிதறுகிறது. இன்று ஐந்து நிமிடம் தொடர்ந்து அசைவின்றி இருந்தால் ஈ உறங்குகிறது என்று கொள்வதே ஆய்வுகூடங்களின் வழக்கம்.

இதனைப் படித்தபோது என் கண்முன் வந்தவர் அம்மாவே. கதிரையில் இருந்தபடி பகலில் கண்ணயர்ந்த அவரைச் சோம்பலென்று எண்ணினேன். இரவின் கடனை அவர் பகலிலே அடைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நோயை ஈக்குக் கொடுத்தல்

ஈ தன் இயல்பில் அல்சைமர் நோயால் வருந்துவதில்லை. ஆகவே அந்நோயை அதற்குக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆந்திரியா பிராண்ட், நோர்பர்ட் பெரிமன் ஆகிய இருவரும் 1993 இல் வகுத்த முறை இதற்கு வழி திறந்தது. ஒரு வீட்டில் மின்விளக்கை ஓரிடத்திலும் அதன் ஆளியை வேறோரிடத்திலும் வைப்பதுபோல, மனிதப் பரம்பரையலகு ஒன்றை ஒருவகை ஈயிலும், அதனை இயக்கும் ஆளியை மற்றொருவகை ஈயிலும் அவர்கள் வைத்தார்கள். இரண்டையும் இனங்கலக்கும்போது பிறக்கும் குஞ்சில், ஆளி எந்தக் கலங்களில் உள்ளதோ அந்தக் கலங்களில் மட்டும் மனிதப் புரதம் உண்டாகும்.

2000 ஆம் ஆண்டில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியின் மெல் பீனி, வெல்கம் பெண்டர் ஆகியோர் பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய அல்பா சைனூக்கிளீன் என்னும் மனிதப் புரதத்தை ஈயின் நரம்புக்கலங்களில் உண்டாக்கினார்கள். குழாயைத் தட்டினால் ஈக்கள் யாவும் அடியில் விழும். நலமுள்ள ஈ உடனே சுவரைப் பற்றி மேலேறும். நோயுற்ற ஈ இளமையில் மற்றவற்றைப்போலவே ஏறிற்று. வயது ஏற ஏற அதனால் ஏற முடியவில்லை. மூளையிலே டோப்பமின் சுரக்கும் கலங்கள் குறைந்திருந்தன. மனித நோயாளரின் மூளையிற் காணப்படுவதைப் போன்ற புரதத் திரள்களும் அங்கே இருந்தன. இவ்வாறே அமிலோயிட் பீற்றா உண்டாகும் ஈக்களும் பின்னர் உருவாக்கப்பட்டன.

இனி என் வினாவுக்கு வருகிறேன். போல்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் வூவும் அவருடைய குழுவினரும் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, நான் வாசித்தவற்றுள் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்தது. மூளையில் அமிலோயிட் பீற்றா திரண்ட ஈக்களின் உறக்கம் குறைந்தது; துண்டு துண்டாகவும் ஆயிற்று. இஃது எதிர்பார்த்ததே. அடுத்ததாக அவர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்கள். ஈயின் உறக்கத்தைத் தொடர்ந்து குறைத்தால் என்ன நேரும்? புரதத் திரட்சி அதிகரித்தது. உறக்கத்தைக் கூட்டினால்? திரட்சி குறைந்தது.

காரணம் எது, காரியம் எது என்று நான் கேட்டிருந்தேன். ஈ தந்த விடை, இரண்டும் இரண்டே என்பது. நோய் நித்திரையைத் தின்கிறது. நித்திரையின்மை நோயை வளர்க்கிறது. செக்கு மாடுபோல ஒன்றின் பின் ஒன்றாய்ச் சுற்றிவருகின்றன. இடையிலே நிற்பது நரம்புக்கலங்களின் மிகை எழுச்சி. உறக்கக் குறைவும் அமிலோயிட் பீற்றாவும் கலங்களை அளவுக்கு மீறிக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. வலிப்பு நோயாளருக்கு வழங்கப்படும் லெவெட்டிராசெட்டம் என்னும் மருந்தினால் அக்கிளர்ச்சியை அடக்கியபோது அந்த நோயுற்ற ஈக்கள் கூடிய நாள் உயிர்வாழ்ந்தன.

போல் ஷோவின் ஆய்வுகூடம் 2017 இல் மற்றொரு செய்தியைத் தந்தது. ஈ இயல்பாகவே ஒளியை நாடிச் செல்லும். ஒளியுள்ள பக்கத்தில் கொயினைன் என்னும் கசப்புப் பொருளை வைத்தால், சில தடவைகளில் அனுபவப்பட்டு, ஒளியை விட்டு இருளைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்ளும். அல்சைமர் நோய்க்குரிய பரம்பரையலகுகளால் நோயூட்டப்பட்ட ஈக்களுக்கு இப்பாடம் மனத்தில் நிற்பதில்லை. அவற்றின் உறக்கத்தைக் கூட்டியபோது, இழந்த நினைவாற்றலை மீண்டும் பெற்றன.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் பற்றிக் வெர்ஸ்ட்ரேக்கன் குழுவினர் 2018 இல் வெளியிட்டதும் குறிப்பிடத்தக்கது. இளவயதுப் பார்க்கின்சன் நோய்க்குக் காரணமான இரு பரம்பரையலகுகள் பழுதுற்ற ஈக்களில் உறக்கம் குலைந்திருந்தது. ஆனால் பழுது, அந்நோயோடு எப்போதும் சேர்த்துப் பேசப்படும் டோப்பமின் கலங்களில் இருக்கவில்லை. கடிகாரத்தோடும் உறக்கத்தோடும் தொடர்புடைய வேறு சில கலங்களில், கொழுப்புப் பொருள்களின் சமநிலை கெட்டுச் சமிக்ஞைப் பொருள் சரிவர வெளிப்படாதிருந்தது. நோயாளரிடமிருந்து பெற்ற கலங்களைக்கொண்டு ஆய்வுகூடத்தில் வளர்த்த நரம்புக்கலங்களிலும் இத்தகைய பழுதே காணப்பட்டது. பொஸ்பற்றிடைல்செரீன் என்னும் கொழுப்புப் பொருளை உணவோடு கொடுத்தபோது ஈக்களின் உறக்கம் சீரடைந்தது. நடுக்கத்துக்குரிய மருந்து நோயாளரின் நித்திரைக் கேட்டை ஏன் பெரும்பாலும் தீர்ப்பதில்லை என்ற நெடுநாள் வினாவுக்கு ஈ இவ்வாறு ஒரு குறிப்புக் காட்டிற்று.

ஈ மனிதனாகுமா?

இங்கே சற்று நிதானிக்கவேண்டும். ஆசிரியத் தொழிலின் பழக்கம் எனக்கு அதனை வற்புறுத்துகிறது. ஈயில் உண்மையானது மனிதரிலும் உண்மை என்று ஒரே பாய்ச்சலாய்ப் பாய்ந்துவிடலாகாது.

ஈக்கு நேர்ந்தது பாலூட்டிக்கும் நேர்கிறது என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகர வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ற்ஸ்மன் குழுவினர் 2009 இல், எலியின் மூளையிலும் அமிலோயிட் பீற்றா விழித்திருக்கும்போது உயர்ந்து உறங்கும்போது தாழ்வதையும், உறக்கத்தை இழந்த எலிகளில் படிவு மிகுவதையும் காட்டினார்கள். அதே பல்கலைக்கழகத்தில் 2023 இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், 45 முதல் 65 வயதுடைய 38 பேர் பங்குபற்றினர். இரண்டு இரவுகள் நித்திரை மருந்து எடுத்தவர்களின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் அப்புரதம் நூற்றுக்கு 10 முதல் 20 வரை குறைந்தது. ஆனால் இரண்டு இரவுகளின் கதையை இருபதாண்டுகளின் கதையாக்கிவிட முடியாது. அம்மருந்து நோயைத் தடுக்கும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை.

முரண்படும் சான்றுகளும் உண்டு. உறங்கும்போது மூளை தன் கழிவுகளைக் கழுவுகிறது என்று றொச்செஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2013 இல் எலிகளைக்கொண்டு கூறினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2024 இல் எலிகளிலேயே வேறொரு முறையால் அளந்து, உறக்கத்தில் அத்துப்புரவு குறைகிறது என்று அறிவித்தார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. ஈயிலும் அப்படியே. அதே இம்பீரியல் கல்லூரியினர் 2019 இல் ஈக்களின் உறக்கத்தை ஏறத்தாழ முழுவதுமாகப் பறித்தும் அவற்றின் ஆயுள் பெரிதும் குறையவில்லை என்று கண்டார்கள். நலமுள்ள ஈ தாங்கிக்கொள்ளும் நித்திரையின்மையை நோயுள்ள ஈ தாங்காதிருக்கலாம். அல்லது உறக்கத்தின் பயன் ஆயுளில் அல்லாது ஞாபகத்தில் தென்படலாம். ஒரு சோதனையின் விடை அடுத்த சோதனையின் வினாவாகிறது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். இரவிலே உறக்கம் வராத முதியவர் யாவரும் ஞாபகத்தை இழக்கப்போகிறவர்கள் அல்லர். மூட்டு வலி, மூச்சுத் தடை, மனக் கவலை, அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுதல், உட்கொள்ளும் மருந்து என நித்திரையைக் கெடுக்கும் காரணங்கள் பல. அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. இதனைப் படித்துவிட்டு எவரும் அஞ்சவும் வேண்டாம். நித்திரைக் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்கவும் வேண்டாம். முதியவரில் அத்தகைய குளிசைகள் சில, தடுமாற்றத்தையும் விழுகையையும் உண்டாக்கக்கூடியவை.

எஞ்சுவது

அப்படியாயின் ஈயிடமிருந்து நாம் கற்றது யாது? நித்திரைக் கேட்டை நோயின் வால் என்று ஒதுக்கியது தவறு என்பதை அது காட்டியிருக்கிறது. மறதி வந்தபின் மருந்து தேடுகையில் மூளையிற் பல கலங்கள் அழிந்துபோயிருக்கின்றன. ஆனால் செக்கு சுற்றத் தொடங்கும் காலத்திலேயே அதனை நிறுத்தக்கூடிய ஓர் இடம் உண்டெனில், அவ்விடம் உறக்கமாக இருக்கலாம். இந்த எண்ணத்தை மனிதரிலே சோதிக்க ஆண்டுகள் பல செல்லும். எதனைச் சோதிக்கவேண்டும் என்று காட்டித்தந்ததில் கண்ணாடிக் குழாய்க்குள் உறங்கிய ஈக்குப் பெரும் பங்குண்டு.

சங்கச் செய்யுள்களில் ஊரெல்லாம் உறங்கத் தான் மட்டும் உறங்காது வருந்தும் தலைவியை நாம் வகுப்புக்கு வகுப்பு மாணவருக்கு விளக்குகிறோம். அவளது விழிப்புக்குக் காரணம் பிரிவு என்று எளிதாகக் கண்டுகொள்கிறோம். நம் வீட்டு விறாந்தையில் விழித்திருக்கும் முதியவரின் இரவுக்குக் காரணம் தேடுவதில்லை. வயது என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். நான் முடித்தேன்.

இதனை வாசிக்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் தம் வீட்டு முதியவர்களை வைத்தியரிடம் அழைத்துச் செல்லும்போது, ஞாபகத்தைப்பற்றி மட்டும் சொல்லாது இரவுகளைப்பற்றியும் சொல்லவேண்டும் என்பதே என் வேண்டுகோள். எத்தனை மணிக்கு எழுகிறார், கனவிலே கை கால்களை வீசுகிறாரா, பகலிலே எவ்வளவு உறங்குகிறார் என்பவற்றைக் கவனித்துக் குறித்துவைத்தல் பெரிய காரியமன்று. ஆய்வுகூடத்திலே ஓர் ஈக்கு அவ்வளவு கவனம் கிடைக்கிறது.

என் தாயாரின் நோயை அந்நாளில் எவராலும் தடுத்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. இன்றுங்கூட அதனை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் அவர் பிடிவாதத்தால் விழித்திருக்கவில்லை என்பதை நான் அறிந்திருப்பேன். விடிந்துவிட்டதா என்று அவர் கேட்ட இரவுகளில், போய்ப் படுங்கள் என்று சொல்லாமல், முற்றத்திலே அவரோடு சற்று நேரம் கூட இருந்திருப்பேன்.